ஜாஸ் வாசிப்பு ஓரிடத்தில் நின்றுவிட்டால்: அறிகுறியிலிருந்து காரணத்தைத் தேடும் முறை

சில ஆண்டுகள் ஜாஸ் பயின்று, மேடையிலும் வாசிக்கத் தொடங்கிய பிறகு வளர்ச்சி நின்றுவிட்டதாக உணர்வது பலருக்கும் நேர்வதுதான். அந்த வேளையில் நாம் பெரும்பாலும் செய்வது, நமக்கு ஏற்கெனவே நன்றாக வருவதையே இன்னும் அதிக நேரம் பயில்வதாகும். ஸ்கேல்கள் (சுர வரிசைகள்) வேகமாக வருகிறவர் அவற்றை மேலும் வேகமாக்குகிறார். கார்டுகளின் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்களின்) இலக்கணம் அறிந்தவர் மேலும் சிக்கலான கார்டுகளைத் தேடிச் செல்கிறார். ஆனால் ஜாஸில் குறை வெளியே தெரியும் இடமும் அது பிறக்கும் இடமும் அநேகமாக வேறு வேறாகவே இருக்கின்றன. சோலோ (மேடையிலேயே கற்பனையாக உருவாக்கித் தனித்து வாசிப்பது) சரியாக அமையவில்லை என்று வருந்துகிறவருக்கு உண்மையில் தாளத்தில் குறை இருக்கலாம். நினைவாற்றல் போதவில்லை என்று நினைக்கிறவருக்குக் காதுப் பயிற்சி போதாமல் இருக்கலாம். ஆகவே காதில் விழும் அறிகுறியிலிருந்து தொடங்கி, காரணத்தைச் சோதித்து அறிந்து, அதன் பிறகே மருந்தைத் தேடும்படி இதை எழுதியிருக்கிறேன். நான் பியானோ வாசிப்பவன். ஆயினும் இங்குள்ளவற்றில் பெரும்பகுதி எல்லாக் கருவிகளுக்கும் பொருந்தும்.

முதலில் உங்கள் வாசிப்பைப் பதிவு செய்யுங்கள். தனியே வாசித்ததை அன்றி, பாஸும் டிரம்ஸும் உடனிருக்க வாசித்ததை, கைப்பேசியில் எடுத்தாலும் போதும். அன்றைக்கே கேட்க வேண்டாம். வாசித்த விரல்களின் நினைவு மறையாத வரையில், நாம் வாசிக்க எண்ணியது காதில் விழுமே தவிர வாசித்தது விழாது. இரண்டு நாள் கழித்துக் கேட்கும்போது முதலில் தாளத்தையும், அடுத்து பாடலின் அமைப்பில் உங்கள் இடத்தையும், அதன் பின் நாதத்தையும், கடைசியாகவே சுரங்களையும் கவனியுங்கள். தவறான ஒரு சுரம் நல்ல தாளத்தில் விழுந்தால் கேட்பவர் அதைக் கடந்துவிடுவார். சரியான சுரங்கள் தாளம் பிசகி விழுந்தால் யாராலும் கடக்க முடியாது.

சுரங்கள் சரி, ஆனாலும் ஸ்விங் இல்லை. அல்லது வேகம் ஓடுகிறது

மெட்ரோனோமை (சீரான இடைவெளியில் ஒலித்து வேகத்தைக் காட்டும் கருவியை) நான்கு பீட்டுக்கும் ஒலிக்கவிட்டுப் பயில்கிறவர்களுக்கு இந்தக் குறை பல ஆண்டுகள் தெரியாமலே இருக்கும், ஏனெனில் தாளத்தைக் காக்கும் வேலையைக் கருவியே செய்துவிடுகிறது. நிமிடத்துக்கு 160 பீட் வேகத்தில் ஒரு பாடலை எடுத்துக்கொண்டு, மெட்ரோனோமை 80இல் வைத்து, அந்த ஒலியை இரண்டாம், நான்காம் பீட்டுகளாகக் கொள்ளுங்கள். அது நிலைத்தபின் 40இல் வைத்து, ஒரு பாருக்கு (நான்கு பீட் கொண்ட ஒரு கூறுக்கு) ஒரே ஒலியாக, அதையும் நான்காம் பீட்டாகக் கொண்டு வாசியுங்கள். இங்கே தடுமாறினால், உங்களுக்குள் தாளம் இன்னும் குடியேறவில்லை என்று பொருள். வேறு எந்தப் பயிற்சிக்கும் முன்னால் இதைச் சரிசெய்தாக வேண்டும்.

கர்நாடக இசை கற்றுவிட்டு ஜாஸுக்கு வருகிறவர்களிடம் இந்தக் குறை தனி வடிவில் தோன்றுகிறது. கணக்கில் அவர்கள் பிழை செய்வதில்லை. எண்ணிக்கை அத்தனை உறுதியாக இருக்கும். ஆனால் ஆதி தாளத்தைக் கையால் போட்டு வளர்ந்த உடல் சமத்தில்தான் எடையை வைக்கும். ஜாஸிலோ டிரம்ஸ்காரரின் கால் ஹை-ஹாட் எனும் சிம்பல் இணையை இரண்டாம், நான்காம் பீட்டுகளில் மூடுகிறது, கேட்பவரும் அங்கேயே விரலைச் சொடுக்குகிறார். எடை ஒன்றில் விழுந்தால் வாசிப்பு அணிவகுப்பு நடைபோல் இறுகிவிடும். இதற்கு நான் கண்ட நல்ல வழி, இரண்டிலும் நான்கிலும் கை தட்டியபடியே சோலோக்களை வாயால் பாடுவதுதான். கொன்னக்கோல் (தாளச் சொற்களை வாயால் சொல்லும் கலை) தெரிந்தவர்கள் அதை இங்கே ஒதுக்கிவைக்க வேண்டியதில்லை. நான்கு பீட் கொண்ட பாரின் மேல் ‘தகிட தகிட’ என்று மும்மூன்றாகச் சொல்லிப் பழகினால் பாரின் கோட்டைத் தாண்டிச் செல்லும் சொற்றொடர்கள் இயல்பாக வரும். கிதார் கலைஞர் ஜான் மெக்லாக்லின், வி. செல்வகணேஷுடன் சேர்ந்து கொன்னக்கோலைக் கற்பிக்கும் காணொளி ஒன்றையே வெளியிட்டிருக்கிறார் என்பதை நினைவில் கொள்ளலாம்.

ஒரு பீட்டின் இரண்டு பாதிகளை இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் பிரிப்பதே ஸ்விங் என்று தொடக்கத்தில் கற்பிக்கப்படுகிறது. அது தொடக்கத்துக்கு மட்டும் உதவும். வேகம் கூடக்கூடப் பாதிகள் சமத்தை நெருங்குகின்றன. மிக வேகமான பாடலிலும் பழைய விகிதத்தையே பிடித்துக்கொண்டிருப்பவரின் வாசிப்பு குதிரை ஓட்டம்போல் ஒலிக்கும். இதைச் சூத்திரத்தால் கற்க முடியாது, பதிவுகளோடு சேர்ந்து வாசித்தே கற்க வேண்டும். 1937இல் கவுன்ட் பேஸியின் குழுவில் சேர்ந்து சுமார் 50 ஆண்டுகள் ரிதம் கிதார் மட்டுமே வாசித்த ஃபிரெடி கிரீனைக் கேளுங்கள். பாருக்கு நான்கு மெல்லிய தட்டுகளே அவர் தந்தவை, அந்த நான்கின் மேல்தான் ஒரு பெரிய குழு முழுவதும் நின்றது.

பாட்டின் நடுவில் எங்கே இருக்கிறோம் என்பது தெரியாமல் போகிறது

ஜாஸில் ஒரு பாடலின் அமைப்பு, சோலோக்கள் முழுவதும் சக்கரம்போல் சுழல்கிறது. ப்ளூஸ் என்றால் 12 பார்கள். பழைய பிராட்வே பாடல்களில் பல 32 பார்கள் கொண்டவை: எட்டு பார் கொண்ட ஒரு பகுதி இருமுறை, பிறகு பிரிட்ஜ் எனப்படும் மாறுபட்ட நடுப்பகுதி, பிறகு மீண்டும் முதற்பகுதி. ஒரு சுற்றுக்குக் கோரஸ் என்று பெயர். இந்தச் சுழற்சியைத் தொலைப்பதுதான் மேடையில் நேரும் தவறுகளிலேயே மிகவும் அஞ்சவேண்டியது. ஒருவர் தொலைந்தால் குழு முழுவதும் ஆட்டம் காணும்.

சோதனை எளிது. அடுத்த முறை டிரம்ஸ் சோலோ வரும்போது, கார்டுகள் எதுவும் ஒலிக்காத அந்த நேரத்தில், பிரிட்ஜ் எப்போது தொடங்குகிறது என்பதை உங்களால் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லையெனில், இதுவரை நீங்கள் அமைப்பை அறிந்து வாசிக்கவில்லை, மற்றவர்களின் ஒலியைப் பின்தொடர்ந்து வந்திருக்கிறீர்கள்.

இதற்குக் காரணம் எண்ணத் தெரியாமை என்று பலர் கருதி, விரல் விட்டு எண்ணத் தொடங்குகிறார்கள். எண்ணுகிற மனம் இசையைக் கேட்பதில்லை, கேட்கத் தொடங்கிய கணத்தில் எண்ணிக்கை அறுந்துவிடும். நிலையான மருந்து மெட்டுதான். பாடலின் மெட்டைச் சோலோ முழுவதும் மனத்துக்குள் பாடிக்கொண்டே இருக்கப் பழக வேண்டும். வீட்டில் இதை மூன்று படிகளாகச் செய்யலாம்: முதலில் மெட்டைப் பாடி, கால் தட்டி ஒரு கோரஸ், பிறகு ஒவ்வொரு கார்டின் அடிச்சுரத்தை மட்டும் பாடி ஒரு கோரஸ், பிறகு நான்கு பார் வாசித்து நான்கு பார் மௌனமாக ஒரு கோரஸ். மௌனமான பார்களில் மெட்டு உள்ளே ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

எளிமையாகத் தோன்றும் பாடல்களில்தான் அதிகம் பேர் தொலைகிறார்கள். மைல்ஸ் டேவிஸ் 1959இல் பதிவு செய்த ‘சோ வாட்’ பாடலில் இரண்டே இடங்கள்தான் உண்டு: டியில் தொடங்கும் டோரியன் என்ற ஸ்கேலில் 16 பார்கள், அரைச் சுரம் உயர்ந்து ஈ ஃபிளாட்டில் 8 பார்கள், மீண்டும் டியில் 8. ஒரு கோரஸின் கடைசி எட்டும் அடுத்த கோரஸின் முதல் பதினாறும் சேரும்போது, அடையாளம் ஏதுமற்ற 24 பார்கள் தொடர்ச்சியாக வந்துவிடுகின்றன. அந்தச் சமவெளியில் நானும் ஒருமுறை வழி தவறியிருக்கிறேன். ஒரு ஜாம் நிகழ்ச்சியில் (கலைஞர்கள் ஒத்திகையின்றிக் கூடி வாசிப்பதில்) எட்டு பார் முன்னதாகவே ஈ ஃபிளாட்டுக்கு ஏறிவிட்டேன். பாஸ் வாசித்தவர் என்னை ஏறெடுத்துப் பார்த்த பார்வையில்தான் பிழை புரிந்தது. அப்போது நான் செய்திருக்க வேண்டியது கைகளை எடுத்துவிட்டுக் கேட்பது. செய்ததோ, தவறை மறைக்க இன்னும் அதிகமாக வாசித்தது. தொலைந்தால் நிறுத்துங்கள். நல்ல டிரம்ஸ்காரர் எட்டு பார் முடிவில் ஏதேனும் ஓர் அடியால் குறி காட்டுவார். பிரிட்ஜ் வந்ததும் கார்டுகளின் நிறமே மாறும். அந்த வாசல் வழியாக உள்ளே வரலாம்.

ஒவ்வொரு சுரமும் ஸ்கேலுக்குள் இருக்கிறது, ஆனாலும் சோலோ எங்கும் போய்ச் சேரவில்லை

இதற்குத் தேவை மேலும் ஸ்கேல்கள் அல்ல. கார்டு மாறும் கணத்தில் எந்தச் சுரம் எங்கே நகர்கிறது என்பதைக் காது பிடிக்கவில்லை என்பதே காரணம். டி மைனர் செவன், ஜி செவன், சி மேஜர் செவன் என்ற தொடரைப் பாருங்கள். ஜாஸில் இதுபோல் அடிக்கடி வரும் தொடர் வேறில்லை. முதல் கார்டின் மூன்றாம் சுரம் எஃப், ஏழாம் சுரம் சி. ஜி செவனுக்குப் போகும்போது எஃப் அப்படியே நிற்கிறது, சி அரைச் சுரம் இறங்கி பி ஆகிறது. அடுத்ததில் பி நிற்கிறது, எஃப் இறங்கி ஈ ஆகிறது. கார்டுகளின் ஓட்டம் முழுவதும் இந்த இரண்டு இழைகளில்தான் அடங்கியிருக்கிறது. ஒரு பாடல் முழுவதையும் இந்த இழைச் சுரங்களை மட்டும் கொண்டு, கார்டு மாறும் பீட்டில் சரியாகச் சேரும்படி, மெதுவாக வாசியுங்கள். துணைக்கு ஒருவரும் இல்லாமல் அதைக் கேட்டாலே பாடல் எது என்று புரிய வேண்டும். அது அமைந்தபின் இடையில் மற்றச் சுரங்களை நிரப்புவது கடினமன்று.

ராகத்தில் ஊறிய காதுக்கு இந்தப் பகுதியில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. டோரியன் என்பது சுர அளவில் நம் கரகரப்பிரியாவேதான். ஆகவே ‘சோ வாட்’ போன்ற பாடல்களில் கர்நாடகப் பயிற்சி உள்ளவர் முதல் நாளிலேயே அழகாக வாசித்துவிடுவார். அந்த வெற்றியே பிறகு அவரை ஏமாற்றுகிறது. ராகத்தில் ஆதார ஷட்ஜம் அசையாது. ஷட்ஜத்தை இடம்மாற்றிக் காட்டும் கிரகபேதம்கூட அரிதாக, ஒரு சிறு வித்தையாகக் காட்டிவிட்டு மீளும் இடந்தான். ஜெரோம் கெர்ன் 1939இல் மெட்டமைத்த ‘ஆல் த திங்ஸ் யூ ஆர்’ பாடலிலோ 36 பார்களுக்குள் ஏ ஃபிளாட், சி, ஈ ஃபிளாட், ஜி, ஈ என்று ஐந்து இடங்களில் ஷட்ஜம் குடிபெயர்கிறது. தம்பூரா ஒலித்துக்கொண்டிருக்கும் காதோடு இதற்குள் நுழைந்தால் எல்லாமே அபஸ்வரமாகப் படும். ஒவ்வொரு இடத்துக்கும் வந்து சேரும் போதெல்லாம் அந்தப் புதிய ஷட்ஜத்தை வாய்விட்டுப் பாடுங்கள். ஓரிரு வாரங்களில் காது இடம்பெயரக் கற்றுக்கொள்ளும். கற்றுக்கொண்டபின் கிடைக்கும் மகிழ்ச்சி எத்தனை பெரியது என்பதை அனுபவித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

எந்தப் பாடலிலும் அதே சொற்றொடர்களே வருகின்றன

விரல்கள் காதை முந்தும்போது இது நிகழ்கிறது. விரலுக்குப் பழகிய தடம் ஒன்று, பாடல் எதுவாக இருந்தாலும் கை அந்தத் தடத்தில் விழுந்துவிடுகிறது. சோதித்துப் பார்க்க, கருவியைக் கீழே வைத்துவிட்டு ஒரு கோரஸ் பாடுங்கள். பாடியது வாசித்ததைவிட நன்றாக இருந்தால் உங்களிடம் இசை இருக்கிறது, கைக்குத்தான் அது இன்னும் வந்து சேரவில்லை. பாடியதும் வறண்டிருந்தால் நீங்கள் போதிய அளவு கேட்கவில்லை. இரண்டுக்கும் மருந்து ஒன்றேதான்: ஒரு மாபெரும் கலைஞரின் சோலோவைக் காதால் கற்பது.

அச்சில் கிடைக்கும் சுரக் குறிப்பை வாங்கி வாசிப்பது இதற்கு ஈடாகாது. 1936இல் பதிவான ‘லேடி பி குட்’ பாடலில் சாக்ஸபோன் கலைஞர் லெஸ்டர் யங்கின் சோலோவை எடுத்துக்கொள்ளுங்கள். மூச்சு விடும் இடமும், தாளத்துக்குச் சற்றுப் பின்தங்கிச் சாயும் இடமும் உட்பட அவரோடு சேர்ந்து பாட முடிகிற வரை கருவியைத் தொடவேண்டாம். பியானோ கலைஞரும் ஆசிரியருமான லென்னி டிரிஸ்டானோ தம் மாணவர்களை முதலில் லெஸ்டர் யங்கின் சோலோக்களைப் பாடவே வைத்தார். பாட முடிந்தபின் கருவியில் தேடுங்கள், எழுதுவதானால் கடைசியில் எழுதுங்கள். கிதார் கலைஞர் வெஸ் மான்ட்கோமரி இப்படித்தான் தமக்கு முந்தைய கிதார் கலைஞர் சார்லி கிறிஸ்டியனின் சோலோக்களை இசைத்தட்டிலிருந்து காதால் கற்று, மேடையில் அவற்றையே வாசித்துத் தொழிலைத் தொடங்கினார். அந்தக் காலத்தவர் இசைத்தட்டைப் பாதி வேகத்தில் சுழலவிட்டு ஓர் ஆக்டேவ் கீழே கேட்டுக் கற்றார்கள். இன்று சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் குறைக்கும் வசதி நம் கைப்பேசியிலேயே இருக்கிறது.

கற்ற சோலோவிலிருந்து பிடித்தமான நான்கு பார்களைப் பிரித்தெடுத்து 12 கீக்களிலும் (சுருதி நிலைகளிலும்) வாசியுங்கள். அதன்பின் அதன் தாள வடிவை மட்டும் வைத்துக்கொண்டு சுரங்களை மாற்றுங்கள். சுரங்களை வைத்துக்கொண்டு தாளத்தை மாற்றுங்கள். இந்தக் கடைசிப் படியைத் தவிர்ப்பவர்கள் வேறொருவரின் சொற்றொடர்களை ஒப்பிப்பவர்களாகவே தங்கிவிடுகிறார்கள்.

வேகமான பாடலில் கை உறைந்துவிடுகிறது

பதின்ம வயதில் சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கர், கன்சாஸ் சிட்டியின் ரெனோ கிளப்பில் ஒரு ஜாம் நிகழ்ச்சியில் தடுமாறியபோது, டிரம்ஸ் வாசித்த ஜோ ஜோன்ஸ் ஒரு சிம்பலைக் கழற்றி அவர் காலடியில் எறிந்தார். பின்னர் ஒரு கோடைக்காலத்தை ஓசார்க் மலைப்பகுதியில் வேலை பார்த்தபடி கழித்த பார்க்கர், லெஸ்டர் யங்கின் பதிவுகளைக் கற்றுத் திரும்பியபோது வேறொரு கலைஞராகவே வந்தார். விரைவுக்கான வழியும் ஏறத்தாழ இதுதான்: சொற்றொடர்கள் முழுச் சொற்களாகக் கையில் இருக்க வேண்டும், எழுத்துக்கூட்டிப் பேசிக்கொண்டிருக்க முடியாது. இதோடு, வேகமான பாடலில் காலைப் பாருக்கு இருமுறை மட்டும் தட்டி, உடலைப் பாதி வேகத்தில் வைத்திருங்கள். பீட்டுக்கொரு முறை தட்டும் கால் தோளையும் மணிக்கட்டையும் இறுக்கிவிடுகிறது.

சோலோவைப் பாராட்டுகிறார்கள், ஆனால் அடுத்த நிகழ்ச்சிக்கு அழைப்பதில்லை

பியானோ, கிதார், பாஸ், டிரம்ஸ் வாசிப்பவர்கள் இதை நேர்மையாக ஆராய வேண்டும். ஒரு மாலை முழுவதும் நாம் சோலோ வாசிக்கும் நேரம் சிறிது. மற்றவருக்குத் துணையாக வாசிக்கும் நேரமே பெரிது. ஆனால் வீட்டுப் பயிற்சியில் துணை வாசிப்புக்கு நாம் ஒதுக்கும் நேரம் எவ்வளவு? உங்கள் பதிவில் இம்முறை உங்கள் சோலோவைத் தாண்டிச் சென்று, சாக்ஸபோன் சோலோவின் பின்னால் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று கேளுங்கள். அவர் மூச்சு விடும் இடத்தில் பதில் தருகிறீர்களா, அவர் பேசும்போதே பேசுகிறீர்களா? இடது கையால் அடிச்சுரங்களை வாசித்து பாஸ்காரரின் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறீர்களா? மூன்றாம், ஏழாம் சுரங்கள் மட்டும் கொண்ட இரண்டு சுரக் கார்டுகளால் ஒரு கோரஸ் முழுவதும் துணை வாசித்துப் பாருங்கள். குறைவாகத் தோன்றும், ஆனால் முன்னே நிற்பவருக்கு நடக்க இடம் கிடைக்கும். கிதாரும் பியானோவும் சேர்ந்திருந்தால், யார் எப்போது விலகுவது என்பதைப் பாடலுக்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

ஊதுகருவி வாசிப்பவர்களும் இந்தப் பகுதியைத் தாண்டிச் செல்ல வேண்டாம். மற்றவர் சோலோவின் கடைசிக் கோரஸில் பின்னணியாக ஒரு சிறு ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் குறுஞ்சொற்றொடர்) அமைத்துக்கொடுப்பது கன்சாஸ் சிட்டிக் குழுக்களின் உயிர்மூச்சாக இருந்த கலை. பியானோவில் கார்டுகளை வாசிக்கும் அளவுக்கேனும் கற்றுக்கொண்டால் உங்கள் காது இரட்டிப்பாகத் திறக்கும்.

நேரத்துக்கு வருவதும் அழைப்புக்கு அன்றே பதில் சொல்வதும் வாசிப்பின் பகுதி என்றே கொள்ளுங்கள்.

பாடலின் பெயரைச் சொன்னதும் கை கைப்பேசியைத் தேடுகிறது

தாளைப் பார்த்து நூறு முறை வாசித்த பாடலும் மனப்பாடமாவதில்லை, ஏனெனில் கண் வேலை செய்யும் வரை நினைவு வேலை செய்வதில்லை. கார்டுகளை எழுத்துப் பெயர்களால் நினைவில் வைப்பதும் போதாது. பாடகர் ஒருவர் வந்து, தம் குரலுக்கு ஏற்ப வேறு கீயில் கேட்டால் எல்லாம் சரிந்துவிடும். ஒன்று, ஆறு, இரண்டு, ஐந்து என்று, ஸ்கேலில் கார்டுக்குரிய இடத்தின் எண்ணால் கற்றால் கீ மாறினாலும் பாடல் மாறாது. பியானோவின் எஃப் என்பது டெனர் சாக்ஸபோனில் ஜி, ஆல்டோவில் டி என்பதால், ஊதுகருவிக்காரர்களுக்கு இந்தப் பழக்கம் இருமடங்கு தேவை.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், ப்ளூஸிலும் ‘ரிதம் சேஞ்சஸ்’ அமைப்பிலும் தொடங்கச் சொல்வேன். ஜார்ஜ் கெர்ஷ்வின் 1930இல் மெட்டமைத்த ‘ஐ காட் ரிதம்’ பாடலின் கார்டுகள் மேல் பிற்காலத்தவர் எண்ணற்ற புதிய மெட்டுகளைக் கட்டினார்கள். பி ஃபிளாட்டில் அதன் பிரிட்ஜ் டி செவன், ஜி செவன், சி செவன், எஃப் செவன் என்று ஒவ்வொன்றும் இரண்டு பாராக இறங்கி வரும். இந்த ஓர் அமைப்பைக் கற்றால் பல பாடல்களின் கதவு திறந்துவிடும். மெதுவான பாடல்களுக்கோ வரிகளையும் கற்றுக்கொள்ளுங்கள். டெக்ஸ்டர் கார்டன் மெதுவான பாடலை வாசிக்கும் முன் அதன் வரிகளை மேடையில் சொல்லிவிட்டுத் தொடங்குவது வழக்கம். சொற்கள் தெரிந்தவரின் மூச்சு, சொல் முடியும் இடத்தில் தானாகவே முடிகிறது. வாரத்துக்கு ஒரு பாடல் என்றால் ஆண்டுக்கு ஐம்பது. அது சிறிய செல்வம் அன்று.

பெரிய குழுவில் தாளைப் படிக்கும்போது பின்தங்குகிறேன்

சுரத்தைவிடத் தாளக் குறிப்பில்தான் பெரும்பாலும் தடுமாற்றம். தினமும் பத்து நிமிடம், முன்பு பார்த்திராத ஒரு தாளை, தாளத்தை மட்டும் வாயால் சொல்லிப் படியுங்கள். தவறினாலும் நிறுத்தித் திரும்பிப் போகாதீர்கள், ஏனெனில் குழு உங்களுக்காக நிற்காது. வெஸ் மான்ட்கோமரிக்கும் எரால் கார்னருக்கும் குறிப்பு படிக்கத் தெரியாது என்பது உண்மை. அவர்கள் தங்கள் காதை வைத்துக்கொண்டு அதை ஈடுசெய்தார்கள். தேட் ஜோன்ஸும் மெல் லூயிஸும் 1966 பிப்ரவரியில் நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்டில் திங்கட்கிழமைதோறும் நடத்தத் தொடங்கிய பெரிய குழு போன்ற இடங்களில், படிக்கத் தெரியாமல் நாற்காலி கிடைக்காது. சாக்ஸபோன் வாசிப்பவரிடம் அங்கே கிளாரினெட்டும் புல்லாங்குழலும் எதிர்பார்க்கப்படும்.

நாதம் மெலிந்திருக்கிறது, அல்லது வாசித்தபின் வலிக்கிறது

நாதத்துக்கு நீண்ட சுரங்களைத் தவிர வேறு வழி இல்லை. புகழின் உச்சியில் இருந்த சோனி ராலின்ஸ் 1959இல் மேடையை விட்டு விலகி, 1961 வரை நியூயார்க்கின் வில்லியம்ஸ்பர்க் பாலத்தின் மேல் நின்று நாள்தோறும் பயின்றார். வலி வேறு விஷயம். வலியோடு பயிலக் கூடாது. அன்றைக்கு நிறுத்திவிட்டு, தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள். பாடியும் கேட்டும் கற்பதற்குக் கை தேவையில்லை.

எல்லாவற்றையும் பயில்கிறேன், எதுவும் மாறவில்லை

ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் திருத்த முயல்வதால் வருவது இது. மேலே உள்ளவற்றில் ஒன்றை மட்டும் மூன்று வாரத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். பயிற்சி நேரத்தின் பாதியை அதற்குக் கொடுத்து, மீதியில் பாடல்களை முழுதாக வாசியுங்கள். மூன்று வாரம் கழித்து, முதல் பதிவில் வாசித்த அதே பாடலை, அதே வேகத்தில், அதே எண்ணிக்கையிலான கோரஸ்களுக்குப் பதிவு செய்து இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். மாற்றம் தெரியாவிட்டால் அதே பயிற்சியை நீட்டிக்க வேண்டாம். தாளம், அமைப்பு, நாதம், சுரம் என்ற வரிசையில் ஒரு படி முன்னால் சென்று, அங்கே சோதனையை மறுபடி தொடங்குங்கள்.